ஆவாரம்பூவும் சங்கப் பொட்டலமும்

நமது நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் நடத்திவரும் பண்டகசாலைகளுக்கு அண்மையில் சென்று வந்தவர்கள் ஒரு மாறுதலைக் கவனித்திருப்பார்கள். மஞ்சள் தூளும் தேங்காய் எண்ணெயும் சோப்பும் இருந்த அலமாரியில் இப்போது ஆவாரம்பூப் பொடி, நாவல் கொட்டைப் பொடி, நிலவேம்பு, துளசி முதலியவற்றின் பொட்டலங்களும் இடம்பெற்றுவிட்டன. ஓரிரண்டு இடங்களில் அவற்றின் பக்கத்தில் ‘மலர் மருந்து’ என்னும் சிறு புட்டிகளும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. “இவற்றை நாம் விற்கலாமா? விற்றால் ஆட்சேபம் உண்டா?” என்று சில சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டனர். அவர்களுக்கு வாய்மொழியாகக் கூறியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இது இலாகாவின் உத்தரவு அன்று. ஆய்வாளன் ஒருவனின் சொந்த அபிப்பிராயமே.

நெசவாளருக்கும் உழவருக்கும் உரிய இப்பத்திரிகையில் பூவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பொட்டலத்தை வாங்குபவர்களில் பெரும்பாலோர் நெசவாளர் குடும்பத்தினர். நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்து முழங்காலும் முதுகும் கண்ணும் தளர்ந்தவர்கள். பொட்டலத்துக்குள் இருக்கும் பூவைப் பறிப்பவர்களோ மானாவாரி நிலத்துச் சிறு விவசாயக் குடும்பத்துப் பெண்கள். வாங்குபவரும் பறிப்பவரும் நம்முடைய அங்கத்தினர்களே. ஆகவே இடையில் நிற்கும் சங்கத்துக்கு இரு பக்கமும் பொறுப்பு உண்டு.

முதலில் மலர் மருந்து என்பது யாது என்று கூறிவிடுவது நலம். எட்வர்டு பாக் என்ற ஆங்கில மருத்துவர் (1886–1936) லண்டனில் பாக்டீரியா ஆராய்ச்சியில் நல்ல பெயர் எடுத்தவர். 1930ஆம் ஆண்டில் அத்தொழிலை விட்டுவிட்டுக் கிராமப்புறங்களில் நடந்து திரிந்து, வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் பூக்கும் காட்டுப் பூக்களில் மருந்து தேடினார். பூவைக் கண்ணாடிக் கிண்ணத்திலுள்ள ஊற்றுநீரில் மிதக்கவிட்டு வெயிலில் வைப்பது அவரது முறை. சில வகைகளைக் கொதிக்க வைப்பதும் உண்டு. பின்னர் பூவை எடுத்துவிட்டு, நீருடன் சம அளவு பிராந்தி சேர்த்து, அதிலிருந்து இரண்டொரு துளியை மேலும் கலந்து கொடுப்பர். இவ்வாறு மொத்தம் 38 மருந்துகள். அவற்றுள் ஒன்று பூவே அன்று, பாறையிடுக்கில் ஊறும் வெறும் நீர். இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று பாக் வகுக்கவில்லை. அச்சம், பொறாமை, பொறுமையின்மை, துக்கம், தன்னம்பிக்கைக் குறைவு என்று மனநிலைக்கு ஏற்பவே வகுத்தார்.

அவர் முதன்முதலில் எடுத்துக்கொண்ட பூக்களில் ஒன்று நமது இமயமலைச் சரிவுகளுக்கு உரிய காசித்தும்பை இனம் என்பது பலருக்குத் தெரியாது. 1839ஆம் ஆண்டு தோட்ட அலங்காரத்துக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அச்செடி வேலியைத் தாண்டி ஆற்றங்கரைகளில் பரவிவிட்டது. இன்று அந்நாட்டார் அதனைக் களையென்று பிடுங்கி எறிகிறார்கள். இங்கிருந்து போன பூ, அங்கே நீரில் ஊறி, புட்டியில் அடைபட்டு, அயல்நாட்டு மருந்து என்ற மதிப்போடு நம் ஊர்ச் சங்க அலமாரிக்குத் திரும்பி வந்திருக்கிறது. வாணிபத்தின் போக்கு சில வேளைகளில் இப்படித்தான் இருக்கிறது!

நான் இத்துளிகளை உட்கொண்டு பார்த்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் காலமானதைத் தொடர்ந்து நான்கு மாதங்களுக்கு மேல் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை அவருடைய கடைசி நாட்களே கண்முன் வந்துகொண்டிருக்கும். அப்போது நான் வேலை பார்த்த ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மலர் மருத்துவத்தை ஆர்வத்தோடு கற்று, வருவோர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவந்தார். அவரிடம் சென்றேன். அவர் நாடியைப் பார்க்கவில்லை, நாக்கையும் பார்க்கவில்லை. திண்ணையில் உட்காரவைத்து, “தம்பி, படுத்தவுடன் மனசுல முதல்ல வர்றது என்ன?” என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கியது முடிய ஒரு மணி நேரமாயிற்று. அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. ஓயாத நினைவுக்கு ஒன்றும் துக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு பூக்களின் சாரத்தைக் கலந்து, நாளொன்றுக்கு நான்கு வேளை, வேளைக்கு நான்கு துளி என்று சொல்லிக் கொடுத்தார். மூன்று வாரம் தவறாமல் சாப்பிட்டேன்.

அதே சமயத்தில் வேறொன்றும் நடந்தது. ஆவாரம்பூப் பறிக்கும் பெண்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க விரும்பி விண்ணப்பித்திருந்தார்கள். அதன்பேரில் விசாரணை செய்வதற்காக ஒரு மானாவாரிச் சிற்றூரில் ஒன்பது நாட்கள் தங்க நேர்ந்தது. பறிப்பு எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்க்காமல் அறிக்கை எழுதுவது முறையன்று என்பதால், விடியற்காலையில் அவர்களோடு நானும் புறம்போக்குக்குப் போனேன்.

ஆவாரையை அறியாதவர் நம்மில் இல்லை. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றோடு அதனைச் சேர்த்துக் கட்டுகிறோம். அதன் பட்டையைக் கொண்டே முன்காலத்தில் தென்னாட்டுத் தோல்கள் பதப்படுத்தப்பட்டன. வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்தபின் அவ்வழக்கம் குறைந்தது. அதன் பூ நூலுக்கு மஞ்சள் சாயமும் தரும். இவையெல்லாம் எனக்கும் ஏட்டளவில் தெரிந்தவையே. ஆனால் பனி உலராத வேளையில் இடுப்பளவு புதருக்குள் நின்று, கிளையை வளைத்துப் பிடித்து, பூவை மட்டும் காம்போடு கிள்ளி மடியில் போடும்போதுதான் அச்செடியை நான் உண்மையில் பார்த்தேன் எனலாம். ஐந்து இதழும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நடுவில் காய் ஆகப்போகும் சிறு பச்சைக் கொக்கி வளைந்து நிற்கும். வெயில் ஏறுமுன் வண்டுகள் வந்துவிடும். அவற்றோடு போட்டியிட்டுப் பறிக்கவேண்டும். முதல் நாள் நான் மொட்டையும் சேர்த்துக் கிள்ளுவதைக் கண்ட முதியவள் ஒருத்தி, “மொட்ட உட்டுப்போட்டுப் பறியுங்க சார். நாளைக்கும் வரோணுமல்லங்க?” என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அத்தனை மாதங்களுக்குப் பின் நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவ்வூரில் மூன்றாம் இரவே விடியும்வரை தூங்கினேன். ஊருக்குத் திரும்பிய பின்னும் தூக்கம் நிலைத்தது.

துளிகள் தூக்கம் தந்தனவா? தலைமையாசிரியர் திண்ணையில் என்னைப் பேசவிட்டது தந்ததா? விடியற்காலை நடையும், அந்தப் பெண்களின் பேச்சும், மஞ்சள் புதரும் தந்தனவா? அல்லது துக்கம் தனக்குரிய காலம் கழிந்ததும் தானே தணிந்ததா? கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவனுக்கு இது பழகிய சிக்கலே. ஒரே நாளில் நான்கு இனங்களில் வரவு வந்து, பற்றுச்சீட்டு ஒன்றுக்கும் இல்லை என்றால், அத்தொகை முழுவதையும் ஒருவர் பேரில் வரவு வைக்க எவனும் துணியமாட்டான். புட்டியை விற்பவர் அதைத்தான் செய்கிறார். நலமடைந்தவர் சொல்லும் சாட்சியத்தை எடுத்துக்கொண்டு, நடையையும் பேச்சையும் காலத்தையும் தள்ளிவிட்டு, வரவு முழுவதையும் துளியின் பேரில் எழுதிவிடுகிறார்.

இவ்வாறான குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே மருத்துவ உலகில் ஒரு முறை உண்டு. நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மருந்தும் மற்றதற்கு அதே தோற்றமும் சுவையும் உள்ள வெறும் திரவமும் கொடுத்து, யாருக்கு எது என்பதைக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் மறைத்துவிடுவர். மலர் மருந்தை இவ்வாறு சோதித்த ஆய்வுகளை எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் தொகுத்துப் பார்த்து 2010ஆம் ஆண்டில் முடிவு கூறினார். வெறும் திரவத்தால் விளைந்த நன்மைக்கு மேல் மலர்த்துளியால் எதுவும் விளையவில்லை என்பதே அம்முடிவு. இரு கூறினருக்கும் ஓரளவு நன்மை விளைவதுண்டு. அந்த நன்மை புட்டிக்கு வெளியே எங்கிருந்தோ வருகிறது.

எங்கிருந்து என்பதை என் அனுபவத்தைக் கொண்டு ஊகிக்கிறேன். நோயாளியின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். நம் ஊர் மருத்துவமனைகளின் வரிசையில் நிற்பவருக்கு இது கிடைப்பதில்லை. அங்குள்ள மருத்துவருக்கு அதற்கு நேரமும் இல்லை. இரவு முழுவதும் விழித்திருக்கும் நெசவாளியிடம், கடன் தவணை உறுத்துகிறதா, மகள் கல்யாணம் உறுத்துகிறதா என்று யார் கேட்கிறார்கள்? மலர் மருத்துவர் கேட்கிறார். அவரை இகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேட்பதற்குப் புட்டி தேவையில்லை. அன்றியும், அலமாரியிலிருந்து எடுத்து விற்கப்படும் புட்டியோடு அந்தக் கேட்பு வருவதும் இல்லை. சங்கத்தில் விற்கப்படுவது திண்ணையை விட்டுவிட்டு வந்த வெறும் துளியே. மதுவை விலக்கியவர்கள் நம் அங்கத்தினரில் பலர் இருக்கிறார்கள். துளியில் பிராந்தி கலந்திருப்பதை அவர்களிடம் சொல்லி விற்பவர் எவரையும் நான் கண்டதில்லை.

“தீங்கு இல்லையே, விற்றால் என்ன?” என்று குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் வாதாடினார். துளியில் தீங்கு இல்லை என்பது மெய். அதில் எதுவும் இல்லாததே காரணம். தீங்கு வேறு வழியில் வருகிறது. அது எவ்வாறு வந்தது என்று நேரில் கண்டிருக்கிறேன்.

ஒரு நெசவாளர் சங்கத்துக்கு ஆய்வுக்குச் சென்றபோது, அங்கத்தினர் ஒருவரின் மனைவி பாவு சுற்றும் வேலையை விட்டு வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். வலது காலில் துணி சுற்றியிருந்தது, பெருவிரல் எடுக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக நீரிழிவு. அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தவர். பண்டகசாலையில் ஆவாரம்பூப் பொட்டலம் வந்தபின் மாத்திரையை நிறுத்திவிட்டு அதனைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார். மூன்றாம் மாதம் காலில் ஏற்பட்ட சிறு கொப்புளம் ஆறவில்லை. பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். ‘சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்’ என்று அச்சிட்டிருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவரின் சரக்கு. மேலே சங்கத்தின் முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. “ஏனம்மா, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தலாமா?” என்றேன். “சந்தையில வாங்கியிருந்தா கேட்டிருப்பேனுங்க. இது சங்கத்துப் பொட்டணமாச்சுங்களே. சங்கத்துல பொய் விப்பாங்களா?” என்றார்.

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. குழுவினர்தாம் பதில் சொல்லவேண்டும். சங்கத்தின் நிலம், கட்டிடம், கையிருப்பு எல்லாம் ஐந்தொகையில் எழுதப்படுகின்றன. இந்த நம்பிக்கை எழுதப்படுவதில்லை. அந்த வியாபாரி அதனைச் செலவு செய்து சரக்கை விற்றுக்கொண்டார். சங்கத்துக்குக் கிடைத்ததோ பொட்டலத்துக்குச் சில ரூபாய்க் கழிவு.

ஆவாரம்பூவில் ஒன்றும் இல்லை என்று நான் கூறுவதாக யாரும் கொள்ளவேண்டாம். சித்த மருத்துவர்கள் அதனை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அப்பூவின் சாற்றைக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறைந்தது. எலிக்குக் குறைந்தது மனிதனுக்கும் குறையக்கூடும். எவ்வளவு குறையும், எந்த அளவில் கொடுக்கவேண்டும், மாத்திரையோடு சேர்த்தால் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடுமா என்ற கேள்விகளுக்குப் பொட்டலம் விடை சொல்லாது. அவற்றைத் தெரிந்து சொல்வதற்கென்றே பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்; அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. பூவைப் பானமாகக் குடிப்பவர் குடிக்கட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை பண்டகசாலை விற்பனையாளருக்கு இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாதென்று அச்சட்டம் தடுத்துள்ள நோய்களின் பட்டியலில் நீரிழிவும் புற்றுநோயும் உள்ளன. பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டும் விளம்பரமே. சித்த மருந்தாகத் தயாரித்து விற்பதற்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெறவேண்டும். இவ்விரண்டையும் கேட்டறியாமல் முத்திரையை ஒட்டும் குழு, அங்கத்தினரின் காலோடு தன் தலையையும் அடகு வைக்கிறது.

காட்டுச் செடி எவ்வாறு மெய்யான மருந்தாகிறது என்பதற்கு நம் கண்முன் இரண்டு சான்றுகள் இருக்கின்றன. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து நம் வேலியோரங்களில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியை எல்லோரும் அறிவர். ஜமைக்கா நாட்டு மக்கள் அதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடித்துவந்தார்கள். அதைக் கேள்வியுற்றுக் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை; ஆனால் சோதனை விலங்குகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. அதைப் பின்தொடர்ந்ததில் 1958ஆம் ஆண்டில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் இன்றும் இம்மருந்தால் பிழைக்கிறார்கள். பாட்டி வைத்தியம் சொன்ன நோய் ஒன்று. செடி தீர்த்த நோய் வேறு. சோதித்துப் பார்த்திராவிட்டால் இரண்டும் தெரியாமலே போயிருக்கும். சில துளி மருந்துக்கு இச்செடியின் இலை மலைமலையாக வேண்டியிருக்கிறது; நம் தென்மாவட்டத்து விவசாயிகள் அதனைப் பயிரிட்டுவருகிறார்கள்.

மற்றொன்று செங்காந்தள், நம் மாநிலத்தின் மலர். கண்வலிக்கிழங்கு என்று மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விவசாயிகள் அதனைப் பந்தலில் ஏற்றிப் பயிர் செய்கிறார்கள். பூ விரிந்தபின் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். எவ்வளவு பொறுமையான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்கே தெரியும். அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின் கீல்வாத வகையொன்றுக்கு, அதாவது மூட்டில் யூரிக் அமிலம் தேங்கி வரும் வலிக்கு, உலகெங்கும் மருத்துவர்களால் கொடுக்கப்படுகிறது. அதே பொருள் அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணித் தின்று மாண்டவர்கள் உண்டு. பூவை நீரில் மிதக்கவிட்டு எடுக்கும் துளிக்கு அளவு என்பது பெயரளவில்தான். காந்தளுக்கோ மில்லிகிராம் கணக்கு.

இவ்விரு பயிர்களிலும் விளைவிப்பவர்கள் நம் விவசாயிகள். விலை வைப்பவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில வாங்குநர்கள். காட்டுப் பூவைப் பறிக்கும் பெண்களின் நிலை அதனினும் கீழானது. நான் முன்னர்க் கூறிய சிற்றூரில் பூ கூடைக் கணக்கில் விற்கப்பட்டது. கூடை வியாபாரியுடையது. மூன்று கிலோ என்று அவர் கணக்கிட்ட கூடையை ஒரு தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். நான்கு கிலோவுக்குச் சற்று மேலாகக் காட்டியது. பச்சைப் பூ ஐந்து கிலோ பறித்தால் காய்ந்து ஒரு கிலோ தேறும் என்று அப்பெண்களே சொன்னார்கள். காயவைத்துத் தரம் பிரித்து விற்றால் கிடைக்கக்கூடிய விலையையும், கூடையில் தொலையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால், விடியற்காலைப் பனியில் நிற்பவளுக்கு மிஞ்சுவது மிகச் சிறு பங்கே. பொட்டலத்தின் மேல் ‘இயற்கையின் கொடை’ என்று அச்சிடுகிறார்கள். அவள் கொடுத்த கொடை அதில் சேர்கிறதா என்பது தெரியவில்லை!

ஆகவே சங்கங்கள் மூலிகையைத் தொடவேண்டாம் என்பது என் கருத்தன்று. நோயாளிக்கு நோய் தீரும் என்று வாக்களிக்கும் இடத்தை விட்டு, பூவை நேர்மையாக நிறுத்து வாங்கும் இடத்துக்குச் சங்கம் வரவேண்டும் என்பதே என் கருத்து. மருந்து செய்வது அதற்கு உரிமமும் கல்வியும் உடையவர்களின் வேலை. அத்தகைய ஸ்தாபனங்களுள் கூட்டுறவு முறையிலேயே அமைந்ததும் உண்டு. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் ஒன்றுகூடி 1944ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்தகம் நம்மில் பலர் அறிந்ததே. நன்கு காய்ந்த, கலப்படமில்லாத, எந்த ஊரில் எந்த மாதம் பறித்தது என்று குறிக்கப்பட்ட சரக்குக்கு மருந்து செய்வோரிடம் மதிப்பு உண்டு. வீதியோரப் புழுதிப் பூவும், பருத்திக்கு மருந்தடித்த வரப்போரப் பூவும் அதில் சேரக்கூடாது. வெயிலில் வெளுத்த பூவையும் நிழலில் உலர்ந்த பூவையும் கலக்கக்கூடாது. இவை பெரிய வித்தைகள் அல்ல. நூலின் நயத்தைத் தொட்டே சொல்லும் நம் நெசவாளருக்குத் தரம் பிரிப்பதைப் பற்றி நான் கற்பிக்க என்ன இருக்கிறது?

பூவைப் பறிப்பது வேறு, கிழங்கைத் தோண்டுவது வேறு என்பதையும் சங்கம் மறக்கலாகாது. மலைச் சரிவுகளில் தாராளமாகக் கிடைத்த மாகாளிக்கிழங்கு, ஊறுகாய்க்கும் மருந்துக்கும் வேரோடு அகழப்பட்டு, இன்று அழியும் நிலையிலுள்ள செடிகளின் பன்னாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. காட்டில் கிடந்த காந்தள் கிழங்குகளும் நடவுக்காக அவ்வாறே தோண்டப்பட்டன. கிழங்கு, வேர், பட்டை ஆகியவற்றைப் பயிரிட்டவரிடமிருந்தன்றி வாங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் பாதிக் கேடு நின்றுவிடும். காட்டுக்குள் குடியிருக்கும் பழங்குடியினருக்குச் சிறு வனப்பொருள்களின்மீது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமை அளித்திருக்கிறது. அவர்களைத் தாண்டி இடைத்தரகர் மூலம் வாங்கும் சங்கம் அவ்வுரிமையைத் தன் கையாலேயே பறிக்கிறது.

இவ்வாறெல்லாம் செய்தால் விற்பனை குறையும் என்று சில காரியதரிசிகள் அஞ்சுகிறார்கள். ‘குணமாகும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் பொட்டலம் நகராது என்பது அவர்கள் வாதம். சில மாதங்களுக்கு நகராமல் இருக்கலாம். காலில் துணி சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த அம்மையாரிடம் சென்று, விற்பனை எவ்வளவு கூடியது என்பதை அவர்கள் விளக்கிச் சொல்லட்டும். அவர் ஒப்புக்கொண்டால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

வரும் பருவத்தில் பூக்கொள்முதலைத் தொடங்க எண்ணும் சங்கங்கள் மகாசபைக்கு முன் செய்துகொள்ளவேண்டியவை சில உள. பண்டகசாலையில் இருக்கும் பொட்டலங்களின் வாசகத்தை மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் காட்டி, நோய் தீரும் என்று கூறும் சரக்கை வியாபாரிக்கே திருப்பி அனுப்பிவிடவேண்டும். மலர்த்துளிப் புட்டிகளும் அவற்றோடு போகட்டும். சங்கத்தின் முத்திரையை வெளியார் சரக்கின்மேல் ஒட்டலாகாது என்பதை நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். கொள்முதலுக்குக் கூடையைக் கைவிட்டு, முத்திரையிட்ட தராசு ஒன்றைப் பறிக்கும் இடத்துக்கே கொண்டுபோகவேண்டும். புதருக்கு மூன்றில் ஒரு பங்குப் பூவையும் எல்லா மொட்டையும் விட்டுவைப்பதென்று பறிப்பவர்களோடு பேசி முடிவு செய்வது நல்லது. அவர்களில் மூத்தவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். எடையை அவர்கள் கண்முன் படித்து, அவரவர் கைப்புத்தகத்தில் அன்றன்றே எழுதி, கையொப்பமோ கைநாட்டோ பெற்று, வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை சந்தைக்கு முன் பணத்தைக் கொடுத்துவிடவேண்டும்.